தம்பிக்கு மூண்டாம் தரமும் தோள் கழண்டிட்டுது: துளை போட்டுத் தைக்கிறதோ, எலும்பு வைக்கிறதோ?

மெரின்டிரைவ்_ரூபன் (வெள்ளவத்தை)

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக் கொள்ளுங்கோ. தம்பிக்கு 19 வயசு, பள்ளிக்கூடத்தில ஓப்பனிங் போலர், இப்ப ஒரு கிளப்புக்கு விளையாடுறான். 17 வயசில பவுண்டரி மறிக்கப் பாய்ஞ்சு விழுந்து வலது தோள் கழண்டது, அதுதான் முதல் தரம். போன வருசம் கடல்ல குளிக்கேக்க அலை அடிச்சு ரெண்டாம் தரம். போன கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில மேல்கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், பம்பலப்பிட்டியில டிரைவர் சடாரெண்டு பிரேக் போட உடம்பு முன்னால போட்டுது, கை கம்பியோட நிண்டிட்டுது. விபத்துச் சேவையில ஊசி போட்டு இழுத்து ஏத்தி விட்டவை, இப்ப ஸ்லிங்கோட வீட்டில இருக்கிறான்.

ரெண்டு டொக்டரிட்ட சனல் பண்ணிக் காட்டினம். ஒருத்தர் சொல்லுறார் சின்னத் துளை போட்டு கமரா விட்டு கிழிஞ்ச சவ்வைத் தைச்சா காணும் எண்டு. மற்றவர் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்திட்டு, இவனுக்குத் தையல் நிக்காது, வேற இடத்து எலும்பை வெட்டிக் கொண்டு வந்து ஸ்குரூ போட வேணும் எண்டுறார். லட்டார்ஜே எண்டு பேர் சொன்னவர். ரெண்டு பேரும் நல்ல டொக்டர்மார் எண்டுதான் எல்லாரும் சொல்லினம், அப்ப யாரைக் கேக்கிறது?

இதுக்குள்ள அம்மாவுக்கும் நாலு மாசமா தோள் நோ. 63 வயசு, சீனி வருத்தம் இருக்கு. ஸ்கானில தசைநார் கிழிஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கு, அதையும் தைக்க வேணும் எண்டு ஒருத்தர் சொல்லிட்டார். ஒரே வீட்டில ரெண்டு தோள், காசு ஒருத்தருக்குத்தான் காணும். அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

—

கவர்டிரைவ்_99

தம்பின்ர கதை அப்பிடியே என்ர கதை. பின்னேரம் வந்து விரிவா எழுதுறன். அதுக்கிடையில ஒண்டே ஒண்டு, சி.டி. ஸ்கான் எடுத்ததோ?

—

மெரின்டிரைவ்_ரூபன்

இல்லை, எம்.ஆர்.ஐ. மட்டும்தான்.

—

பிசியோ_அக்கா

ரூபன், நான் 15 வருசமா பிசியோவா வேலை செய்யிறன், சேர்ஜன் இல்லை, அதால இதை ஒரு முடிவா எடுக்காமல் டொக்டரிட்ட கேக்க வேண்டிய கேள்வியா எடுங்கோ.

முதல்ல தோளைப் பற்றி. தோள்மூட்டு எண்டிறது ஒரு சின்ன சோசரில பெரிய தோடம்பழத்தை வைச்ச மாதிரி. சோசர் ஆழமில்லை, அதாலதான் கையை எந்தப் பக்கமும் சுழட்டலாம், அதே காரணத்தாலதான் கழரவும் செய்யுது. அந்த சோசரின்ர விளிம்பைச் சுத்தி ரப்பர் வளையம் மாதிரி ஒரு சவ்வு, லேப்ரம் எண்டு சொல்லுறது. தோள் முன்பக்கமாக் கழரேக்க முன்னால கீழ்ப்பக்கத்தில அந்த வளையம் எலும்பில இருந்து உரிஞ்சு போகும். இதை லண்டனில பாங்கார்ட் எண்ட சேர்ஜன் 1923இல விவரிச்சு எழுதினவர், அதால பாங்கார்ட் காயம் எண்டு பேர். துளை போட்டுச் செய்யிற ஒப்பரேசன் இதைத்தான் திருத்துறது. விளிம்பு எலும்பில மூண்டு நாலு ஆங்கர் அடிச்சு, அதில வாற நூலை சவ்வுக்குக் கீழால எடுத்து, தளர்ந்து போன மூட்டு உறையையும் சேர்த்து இழுத்து முடிச்சுப் போடுறது. ஆங்கர் எண்டா நூல் கோத்த சின்ன ஆணி.

சோசரின்ர விளிம்பே தேஞ்சோ உடைஞ்சோ போயிருந்தா எவ்வளவு வடிவாத் தைச்சாலும் தோடம்பழம் உருண்டு விழும். ஒவ்வொரு தரமும் கழரேக்க விளிம்பு கொஞ்சம் தேயும், தோடம்பழம் எண்டு சொன்ன பந்து எலும்பின்ர பின்பக்கத்திலயும் அந்த விளிம்பு குத்தி ஒரு பள்ளம் விழும், அதுக்கு ஹில் சாக்ஸ் எண்டு பேர். இந்த ரெண்டு எலும்பும் எவ்வளவு போயிருக்கு எண்டதுதான் உங்கட கேள்விக்கு விடை. அதை அளக்கிறதுக்குச் சரியானது சி.டி., அதிலயும் 3 டி. விளிம்பில 20, 25 சதவீதம் போனா எலும்பு வைக்க வேணும் எண்டது பழைய கணக்கு, இப்ப விளையாடுற பெடியளுக்கு அதுக்குக் குறைவா இருந்தாலே யோசிக்கினம்.

2007இல பிரான்சில ரெண்டு சேர்ஜன்மார் ஒரு புள்ளிக் கணக்கு போட்டவை, 10க்கு. வயசு 20 அல்லது அதுக்குக் கீழ எண்டா 2, போட்டிக்கு விளையாடினா 2, மோதுற விளையாட்டு இல்லாட்டி கையைத் தலைக்கு மேல ஓங்கிற விளையாட்டு எண்டா 1, மூட்டெல்லாம் தளர்வான உடம்பு எண்டா 1, சாதாரண எக்ஸ்ரேயிலயே பள்ளம் தெரிஞ்சா 2, விளிம்பின்ர கோடு அழிஞ்சிருந்தா 2. 6ஐத் தாண்டினா துளைத் தையலை நம்பாதேங்கோ எண்டது அவையின்ர முடிவு. உங்கட தம்பிக்கு எக்ஸ்ரே பார்க்க முதலே 5 வந்திட்டுது, எண்ணிப் பாருங்கோ.

—

பிசியோ_அக்கா

அம்மாவுக்குத் தனியா எழுதுறன், இது வேற விசயம், எனக்கு இதில கோவமே வாறது.

60 தாண்டின ஆக்களை ஸ்கான் எடுத்தா, நோவே இல்லாத ஆக்களிலயும் கனபேருக்கு தசைநார் கிழிவு தெரியும். தலைமயிர் நரைக்கிற மாதிரி வயசோட தேஞ்சு கிழியிறது. அதால ஸ்கான் பேப்பரில எழுதியிருக்கு எண்டதுக்காக அதுதான் நோவுக்குக் காரணம் எண்டு முடிவெடுக்க ஏலாது. விழாமல் கொள்ளாமல் தானாக் கிழிஞ்ச ஆக்களுக்கு முறையா பிசியோ குடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில, ரெண்டு வருசத்தில நாலில ஒரு பங்கு ஆக்கள்தான் ஒப்பரேசனுக்குப் போனவை, மிச்ச ஆக்கள் இல்லாமலே சமாளிச்சிட்டினம். முந்தி தோளுக்கு மேல இருக்கிற எலும்பை அடியில சீவி விடுற ஒப்பரேசன் சரியான பிரபலம். 2018இல பிரிட்டனில ஒரு ஆய்வு வந்தது, சில பேருக்கு உண்மையாவே சீவினவை, சில பேருக்கு கமராவை மட்டும் விட்டுப் பார்த்திட்டு மூடினவை. ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லக்கூடிய வித்தியாசமே இல்லை.

ஆனா விழுந்து, அண்டைக்கே கையைத் தூக்க ஏலாமல் போனா அது வேற. அதை ஆறு மாசம் எண்ணெய் பூசிக்கொண்டு வைச்சிருக்கக் கூடாது, நார் உள்ள இழுபட்டு தசை கொழுப்பா மாறினாப் பிறகு தைக்கிறதில பிரயோசனம் குறைவு, அந்தக் கொழுப்பு திரும்பித் தசையா மாறாது. 40 தாண்டின ஆக்களுக்குத் தோள் கழண்டாலும் இப்பிடித்தான், தம்பி மாதிரி சவ்வு இல்லை, தசைநார் கிழிஞ்சிருக்கோ எண்டுதான் முதல்ல பார்க்க வேணும்.

இப்ப வீட்டில ஒண்டு செய்து பாருங்கோ. அம்மாவைக் கதிரையில இருத்தி, கையைத் தளர விடச் சொல்லி, நீங்கள் மெல்லமாத் தூக்குங்கோ, பிறகு முழங்கையை இடுப்போட ஒட்டி மடிச்சு வைச்சு கதவு திறக்கிற மாதிரி கையை வெளிப்பக்கம் திருப்புங்கோ. நீங்கள் தூக்கினா போகுது, அவ தானாத் தூக்கினா போகேல்லை எண்டா தசைநார். நீங்கள் தூக்கினாலும் ஒரு இடத்தில இறுகி நிண்டா, வெளியில திரும்பவே மாட்டன் எண்டா, அது தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர். சீனி உள்ள ஆக்களுக்கு இது சரியாக் கூட. அதுக்குத் தைச்சா இன்னும் இறுகும்.

—

மெரின்டிரைவ்_ரூபன்

அக்கா இப்பவே செய்து பார்த்தன். தோள் மட்டத்துக்கு மேல நான் தூக்கினாலும் போகேல்லை. வெளிப்பக்கம் திரும்பவே இல்லை, கத்திட்டா. ரவிக்கை பின்னால கொளுவ ஏலாமல் கனநாளா தங்கச்சிதான் கொளுவி விடுறவள் எண்டு இப்பதான் சொல்லுறா.

—

பிசியோ_அக்கா

கனநாளா சொல்லாமல் இருந்திருக்கிறா. உந்த ரவிக்கைக் கதையை டொக்டரிட்ட முதல் வசனமாச் சொல்லச் சொல்லுங்கோ. தோளுக்கு ஸ்டெரொய்ட் ஊசி போடுவம் எண்டு சொன்னா ரெண்டு மூண்டு நாளுக்கு சீனி ஏறும், பார்த்துக் கொள்ளுங்கோ. அதுவரைக்கும் சுவருக்கு நேர நிண்டு விரலால நடந்து நடந்து மேல ஏறச் சொல்லுங்கோ, எட்டின இடத்தில பென்சிலால ஒரு கோடு போட்டு வையுங்கோ.

—

கவர்டிரைவ்_99

வந்திட்டன். எனக்கு முதல் கழண்டது 18 வயசில. 21 வயசில துளைத் தையல் செய்தது, நாலு ஆங்கர். எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுத விருப்பமில்லை, ஆனா சி.டி. எடுக்கேல்லை, எலும்பு எவ்வளவு போயிருக்கு எண்டு ஒருத்தரும் அளக்கேல்லை, அதுதான் என்ர கவலை. பதினோரு மாசம் வடிவா இருந்தது. பிறகு ஒரு நாள் நித்திரையில, ஓம் நித்திரையில, கையைத் தலைக்கு மேல வைச்சுக்கொண்டு திரும்பிப் படுக்கக் கழண்டிட்டுது. அந்த இரவை நான் மறக்க மாட்டன். அண்ணையை எழுப்பி, மூண்டாம் மாடியில இருந்து படியால இறங்கி, ஓட்டோ குலுங்கிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் வந்தது.

இரண்டாம் தரம் லட்டார்ஜே. அந்தப் பேர் பிரான்சில லியோன் நகரத்து சேர்ஜனின்ர பேர், 1954இல எழுதினவர். தோளுக்கு முன்னால, கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழ அமத்திப் பாருங்கோ, கட்டியா ஒரு எலும்பு தட்டுப்படும், காகத்தின்ர அலகு மாதிரி வளைஞ்சிருக்கும். அந்த அலகை அதில ஒட்டியிருக்கிற நாரோட சேர்த்து வெட்டி, முன்பக்கத் தசையைப் பிளந்து அதுக்குள்ளால கொண்டு போய், தேஞ்ச விளிம்பில வைச்சு ரெண்டு ஸ்குரூ போடுறது. எனக்கு விளங்கப்படுத்தின டொக்டர் சொன்னவர், இதில எலும்பு பாதி வேலை, அந்த நார் பாதி வேலை எண்டு. கையை ஓங்கேக்க நார் முன்னால ஒரு வார் மாதிரி இறுகி பந்தை மறிச்சுப் பிடிக்குமாம்.

மறைக்காமல் சொல்லுறன், இது துளை ஒப்பரேசனை விடப் பெருசு. நரம்புகள் பக்கத்திலயே போகுது, எனக்கு முழங்கைக்குக் கீழ வெளிப்பக்கம் ரெண்டு மாசம் மரத்துப் போய் இருந்தது, பிறகு வந்திட்டுது. வச்ச எலும்பு சில பேருக்குக் கரைஞ்சு போகும், ஸ்குரூ உறுத்தினா கழட்ட வேண்டி வரும். அதைத் தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சன்.

ஒப்பரேசனுக்கு முதல் கழுத்தடியில ஒரு ஊசி போடுவினம், கை முழுக்க விறைக்க. விடியும் வரைக்கும் என்ர கை என்ர கை இல்லை, ஆரோ ஒருத்தரின்ர கையை நெஞ்சில கட்டி விட்ட மாதிரி. மூச்சு எடுக்கிறது கொஞ்சம் பாரமாவும் இருந்தது, அந்த ஊசி ஒரு பக்க மூச்சுத் தசையையும் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும் எண்டு நர்ஸ் சொன்ன பிறகுதான் பயம் போனது. ஊசி விடுபட முதலே நோக் குளிசையைப் போட வேணும், நான் விட்டிட்டு விடிய நாலு மணிக்கு அழுதன். படுக்க ஏலாது, மூண்டு கிழமை சாய்மனைக் கதிரையிலதான் நித்திரை. நாலு கிழமை ஸ்லிங். ஆறாம் மாசம்தான் பந்தைத் தொட்டன்.

இப்ப நாலு வருசம். கழரேல்லை. கையை முழுக்க வெளியில திருப்பேக்க மற்றக் கையை விடக் கொஞ்சம் குறைவு, மற்றபடி எறியிறன், நீந்துறன்.

—

பம்பலப்பிட்டி_மாமா

பிள்ளையள் கோவிக்கக் கூடாது. நாங்கள் எல்லாம் விழுந்து முறிஞ்சு பரியாரிட்ட புக்கை கட்டி எண்ணெய் போட்டு உருவிச் சுகப்பட்டனாங்கள்தான். உடன கத்தி எடுக்கிறதுதான் எனக்கு விளங்கேல்லை.

—

கொட்டாஞ்சேனை_மகேஸ்

மாமா நான் ஒங்களுக்கு என் முழங்கைக் கதைய சொல்றேன். போன வருசம் மழையில மார்க்கெட் படியில வழுக்கி, கைய ஊனி விழுந்தேன். முழங்கை பின்னாடி தள்ளிப் போச்சு. ஆஸ்பத்திரியில ஏத்தி விட்டாங்க, சி.டி. எடுத்துட்டு டொக்டர் சொன்னாரு, மூட்டு வெலகுனது மட்டும் இல்ல, முன்னங்கையில இருக்குற ரேடியஸ் எலும்போட தலை துண்டு துண்டா ஒடஞ்சிருக்கு, முன்னாடி கொரனாய்டுன்னு ஒரு கொக்கி மாதிரி எலும்பும் ஒடஞ்சிருக்குன்னு. இந்த மூணும் ஒண்ணா வந்தா இங்கிலீசுல ‘டெரிபிள் ட்ரையட்’ன்னு பேரு, கொடூரமான மூணுன்னு அர்த்தம். பேரக் கேட்டே எங்கம்மா அழுதுட்டாங்க.

ஒப்பரேசன்ல மொதல்ல அந்தக் கொக்கிய நூல் போட்டுக் கட்டுனாங்க, அப்புறம் ஒடஞ்ச தலைய எடுத்துட்டு உலோகத்துல ஒரு தலை வச்சாங்க, கடைசியா வெளிப்பக்கத்து தசைநார ஆங்கர் போட்டு எலும்போட சேத்தாங்க. உள்ளே இருந்து வெளியே வர்ற மாதிரி ஒண்ணு ஒண்ணா. பத்தாம் நாளே கைய மடக்க நீட்ட சொல்லிட்டாங்க, நான் பயந்துட்டேன், ஆனா முழங்கை மாதிரி சீக்கிரம் இறுகிப் போற மூட்டு வேற இல்லன்னு டொக்டர் சொன்னாரு, மாசக்கணக்கா கட்டி வச்சா அப்புடியே நின்னுடுமாம்.

இதுல நான் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. மூணாவது வாரம் சொந்தக்காரங்க பேச்சக் கேட்டு ஒருத்தர்கிட்ட போய் எண்ணெய் போட்டு உருவி இழுக்க விட்டேன். அன்னைக்கு ராத்திரியே வீங்கி சூடாயிருச்சு. எக்ஸ்ரேயில மூட்டுக்கு முன்னாடி தசைக்குள்ள வெள்ளையா மேகம் மாதிரி புது எலும்பு வளருது. அடிபட்ட முழங்கைய பலமா உருவுனா இப்புடி வருமாம். நல்லவேளை சின்னதா நின்னுருச்சு. 30 டிகிரியில இருந்து 120 வரைக்கும் வருது. சோத்தப் பெசஞ்சு வாய்க்கிட்ட கொண்டு போனா கடைசி ரெண்டு அங்குலத்துக்கு தலைய நான்தான் குனியணும். அந்த ரெண்டு அங்குலம்தான் அந்த உருவலோட வெல மாமா.

—

பிசியோ_அக்கா

மகேஸ், எழுதினதுக்கு நன்றி. மாமா, பரியாரிமாரில எனக்கு மரியாதை இருக்கு, ஆனா முழங்கைக்கு மட்டும் ஒரு விட்டுக்குடுப்பும் இல்லை. அதிலயும் பிள்ளையள். கொய்யா மரத்தால விழுந்து முழங்கைக்குச் சற்று மேல முறியிற பிள்ளையளை நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும், லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில இதுக்கெண்டே கம்பி போட்டு விடுவினம், நாலு கிழமையில கம்பியை எடுத்து விடுவினம். அந்த முறிவில மூங்கில் தப்பை வைச்சு இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் அமுங்கும். பிள்ளை விடாமல் அழுது, விரலை நீட்டி விட்டா கத்தி, விரல் வெளிறி விறைச்சிருந்தா அது நேரத்தோட போட்டி, சில மணித்தியாலத்தில கையின்ர தசை செத்து விரல் எல்லாம் கொக்கி மாதிரி மடங்கிப் போகும். இதை ஜெர்மனியில வோல்க்மான் எண்ட டொக்டர் 1881இலயே எழுதி வைச்சிட்டார்.

—

பம்பலப்பிட்டி_மாமா

விளங்குது பிள்ளை. என்ர பேரனுக்குச் சொல்லி வைக்கிறன், மரம் ஏறுறவன்.

—

தெமட்டகொட_நானா

எங்கட வாப்பாக்கு 74 வயசு. தோள்ட தசைநார் முழுக்கப் போய், தைக்க ஒண்டும் மிச்சமில்லண்டு செல்லிட்டாங்க. அவருக்கு தலைகீழா மூட்டு மாத்தினாங்க, பந்து ஈக்கிற இடத்துல கிண்ணம், கிண்ணம் ஈக்கிற இடத்துல பந்து. பிரான்ஸ்ல கிரமோண்டுண்டு ஒரு டொக்டர் 1985ல கொண்டு வந்த முறையாம். கிழிஞ்ச நாருக்குப் பதிலா தோளுக்கு மேல ஈக்கிற பெரிய தசையே தூக்கிற வேலையச் செய்யுதாம். இப்ப தொழுகைல கைய காது வரைக்கும் தூக்குறாரு, அல்ஹம்துலில்லாஹ். பாரம் தூக்கப் போடாதெண்டு செல்லியீக்கி.

—

லெக்ஸ்பின்_பொடியன்

அண்ணாமார், பேஸ்போல் விளையாடுற ஆக்கள் முழங்கைக்கு டொமி ஜோன் ஒப்பரேசன் செய்யினமாமே, கிரிக்கெட்டில ஏன் அது கேள்விப்படுறதில்லை?

—

கவர்டிரைவ்_99

நாங்கள் கையை நீட்டிக்கொண்டு போடுறம், அவங்கள் மடிச்சு விசுக்கி எறியிறாங்கள், அதில முழங்கையின்ர உள்பக்க நார் பிய்யும். 1974இல லொஸ் ஏஞ்சல்ஸில பிராங்க் ஜோப் எண்ட டொக்டர் டொமி ஜோன் எண்ட பிட்சருக்கு, அதாவது பந்தெறியிறவருக்கு, மற்றக் கையில இருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில துளை போட்டு எட்டு மாதிரிக் கோத்துக் கட்டினவர். 1976இல திரும்ப வந்து 1989 வரை விளையாடினவர். அந்த நார் உன்னட்ட இருக்கோ எண்டு பார், பெருவிரலையும் சின்னவிரலையும் முட்ட வைச்சு மணிக்கட்டைக் கொஞ்சம் மடி, நடுவில கயிறு மாதிரி எழும்பும். சில பேருக்குப் பிறவியிலயே இல்லை, இல்லாட்டியும் கைக்கு ஒரு குறையும் இல்லை, அதாலதான் அதை எடுக்கினம்.

ஈட்டி எறியிற நீரஜ் சோப்ரா 2019இல முழங்கை ஒப்பரேசன் செய்து 2021இல டோக்கியோவில தங்கம் எடுத்தவர். எங்கட முரளி 2004இல தோள் ஒப்பரேசன் செய்திட்டு வந்துதான் 2010இல காலி மைதானத்தில 800 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டவர். ரூபன், தம்பிக்கு இதைக் காட்டுங்கோ.

—

மெரின்டிரைவ்_ரூபன்

எல்லாருக்கும் பதில் போடக் கொஞ்சம் பிந்திட்டுது. சி.டி. எடுத்தாச்சு. விளிம்பில 18 சதவீதம் போயிருக்கு, பின்பக்கப் பள்ளம் சாதாரண எக்ஸ்ரேயிலயே தெரியுது. அக்காவின்ர கணக்குக்கு 7. துளைத் தையல் சொன்ன டொக்டரிட்டயே திரும்பிப் போய்க் காட்டினன், அவர் பார்த்திட்டு, ஓம் இதுக்கு லட்டார்ஜேதான் சரி, அதை நிறையச் செய்யிற ஆளிட்டப் போங்கோ எண்டு தானே துண்டு எழுதித் தந்தவர். அவரில எனக்கு மரியாதை கூடிட்டுது. அரச ஆஸ்பத்திரியில பேர் குடுத்தாச்சு, கொஞ்சம் காத்திருக்க வேணும், அதுவரை பஸ்ஸில வலது கையால கம்பி பிடிக்கக் கூடாது எண்டு சொல்லி வைச்சிருக்கு.

அம்மாவுக்கு இறுக்கம்தான் எண்டு சொல்லிட்டினம். ஊசி ஒண்டு போட்டவை, சீனி மூண்டு நாள் ஏறி இறங்கினது. குசினிச் சுவரில பென்சில் கோடு பதினாலு இருக்கு, முதல் கோடு சுவிட்சுக்குப் பக்கத்தில, இண்டைக்குக் காலமை போட்டது கலண்டர் ஆணிக்குக் கீழ.

ஒரு உதவி. ஆரிட்டயாவது சாய்மனைக் கதிரை சும்மா கிடந்தா ரெண்டு மாசத்துக்குத் தருவியளோ?

—

கொட்டாஞ்சேனை_மகேஸ்

எங்கிட்ட இருக்கு அண்ணே. நானும் அதுலதான் ஒரு மாசம் தூங்குனேன். ஞாயித்துக்கிழமை ஓட்டோ கொண்டு வாங்க, தூக்கி விட ஆள் வேணும், எனக்கு இன்னும் பாரம் தூக்க முடியல.